ஆளுக்கொரு காது

கர்ர்ர்ர்ர்ர்ர்...!

பாட்டின் உயிரான இடம் அது. மூச்சைப் பிடித்து மேலே ஏறி, அங்கிருந்து மெல்ல இறங்கி வரவேண்டிய இடம். சரியாக அந்த இடத்தில் சமையலறை மிக்ஸி அலறியது.

உள்ளறையில் வாத்தியாரின் விரல்கள் கிட்டார் கம்பிகளின் மேல் அப்படியே நின்றுபோயின. ஜன்னலுக்குப் போர்வை, கதவுக்குப் போர்வை, சுவரோரம் மெத்தை, நிறுத்திவைத்த மின்விசிறி... இத்தனை பாடுபட்டு அவர் உண்டாக்கி வைத்திருந்த அமைதி ஒரே நொடியில் தூள் தூளானது. எதிரே கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியைத் தாளத்துக்காகத் தட்டிக்கொண்டிருந்த அவருடைய தம்பி, இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"போச்சு! மறுபடியும் முதல்லேர்ந்து!"

கூடத்தில் காவல் நின்ற அண்ணி சமையலறைக்கு ஓடினாள்.

அந்த வீட்டில் அவள் எல்லோருக்கும் அண்ணிதான். வாத்தியாரின் மனைவி என்பதால் கொழுந்தனுக்கு அண்ணி. அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பால்காரருக்கும் பக்கத்து வீட்டுக்கும்கூட அண்ணி. கொழுந்தனின் மனைவி மட்டும் அக்கா என்பாள். அவள் அந்த வீட்டின் சின்னவள். கோபம் வந்துவிட்டால் அந்த அக்காவும் கிடையாது.

"பாட்டு ஓடுதுன்னு சொல்லிட்டுத்தானேம்மா போனேன்... கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

"எவ்வளவுதான் பொறுக்கறது? குளிக்காதே, குழாயைத் திறக்காதே, தும்மாதே, இருமாதே... இது வீடா, பரீட்சை ஹாலா? ஒரு தக்காளியை அரைக்கறதுக்கு நான் பாட்டு வாத்தியார்கிட்ட லீவ் லெட்டர் எழுதிக் குடுக்கணுமா?"

"அதில்லம்மா..."

"பேசாம மெயினையே அணைச்சுடுங்க! உங்களுக்குத்தான் அது கைவந்த வேலையாச்சே!"

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. மிக்ஸி ஜாரைக் கழற்றிச் சின்னவள் கையில் கொடுத்துவிட்டு, கரண்டியால் தக்காளியை மசிக்க ஆரம்பித்தாள்.

அது பழைய கதை.

அண்ணனும் தம்பியும் வாலிபர்களாக இருந்த காலத்தில் இந்த வீட்டின் முன்னறை, அறையாகவே இருந்ததில்லை. இரண்டு மின்சாரக் கிட்டார்கள், இரவல் வாங்கிய டிரம்ஸ், தம்பி தானே பலகை அறுத்துத் தானே கம்பி இழுத்துச் செய்த ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி. சாயங்காலமானால் ஆங்கில ராக் பாட்டுகள் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். கேசட்டைத் தேயத் தேய ஓடவிட்டு, காதில் என்ன விழுந்ததோ அதுதான் வரிகள் என்று நம்பிப் பாடிய காலம். ஜன்னலில் தெருப் பிள்ளைகள் தொங்குவார்கள். சூடேறிய பெட்டிகளிலிருந்து தூசி கருகும் வாசனை வரும். மாமியார் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, "என் பிள்ளைங்க ஒருநாள் ஊரையே ஒரு கலக்கு கலக்கப் போறானுங்க" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடிப்பாள்.

ஒரு பெரிய போட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி ஒத்திகை. கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகாத அண்ணி, எல்லோர் எதிரிலும் நேராக நடந்துபோய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டாள்.

"இந்த வீட்ல இனிமே இந்தச் சத்தம் வேண்டாம். எனக்குத் தலைவலி."

அவ்வளவுதான். போட்டி போனது. குழு கலைந்தது. கிட்டார்கள் கைமாறிப் போயின. மாமியார் சாகிறவரை, மருமகள் நீட்டிய தண்ணீரைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கினாள். கொழுந்தன் வெகுகாலம் பேசவே இல்லை. பேசத் தொடங்கியபோது ஒரு பட்டப்பெயரோடு தொடங்கினார். 'கரண்ட் கட்.' சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்புக்குள் இருந்த முள் குத்த வேண்டிய இடத்தில் குத்திவிட்டுப் போகும்.

இப்போது, வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, கரண்டே தேவைப்படாத ஒரு மரக் கிட்டாரோடு அந்தப் பாட்டுகள் மெல்ல வீடு திரும்பியிருந்தன. பாட்டு அதே பாட்டுதான். முறுக்கு போய் ஒரு கனிவு வந்திருந்தது. இளவட்டங்கள் கோபமாகக் கேட்ட கேள்வியை வயதானவர் நிதானமாகக் கேட்பது போல. பதிவுசெய்து இணையத்தில் போடுவார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் கேட்டுவிட்டு, 'என் காலேஜ் நாள் ஞாபகம் வந்து அழுதுட்டேன் சார்' என்று எழுதுவார்கள். சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி, கடைக்குக் கிளம்புமுன் வந்து பெட்டி தட்டிக் கொடுப்பார். அதற்கு மேல் தலையிடமாட்டார்.

"நாள் பூரா ஊரான் வீட்டுச் சத்தத்தைக் கேட்டே என் காது புளிச்சுக் கெடக்கு. பதிவு வேலையெல்லாம் அண்ணன் டிபார்ட்மெண்ட்" என்பார்.

தக்காளி மசிந்தது. வீடு அடங்கியது. பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கி, இந்தத் தடவை நல்லபடியாக முடிந்தது.

அதற்குப் பிறகு வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. வாத்தியார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அண்ணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவருடைய இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஒரே ஹெட்போன். வலது பக்கம் அவர் காதில், இடது பக்கம் அவள் காதில். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொள்ள, பாட்டு ஓடியது. பாட்டு முடிந்ததும் அவள் அவருடைய மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினாள். அவர் தலையாட்டினார்.

வாசலில் நின்று பார்த்த சின்னவளுக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"அய்யே, பாருங்களேன்! புதுசா கல்யாணமான ஜோடி பஸ்ஸுல போற மாதிரி! ஏன் மாமா, வீட்ல இன்னொரு ஹெட்போனுக்கா பஞ்சம்?"

"பஞ்சமெல்லாம் இல்லம்மா. பாசம்!" என்றார் வாத்தியார்.

அவள் கணவரான சின்னவரின் கைப்பேசி அப்போதுதான் அடித்தது. வெளியே எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வந்தபோது தரையில் கால் பாவவில்லை.

"அண்ணா! கூப்பிட்டுட்டாங்க! டவுன் பெரிய ஹால் இருக்கில்ல, அவங்க! நெட்ல உன் பாட்டெல்லாம் கேட்டிருக்காங்க. பழைய பாட்டுக்குன்னு ஒரு சாயங்காலமாம். நாம ரெண்டு பேரும் வாசிக்கணுமாம்... இப்படிப் போர்வைக்குள்ள இல்லண்ணா! அந்தக் காலம் மாதிரி! கரண்ட் கிட்டார், முழு டிரம்ஸ், மேடை ரெண்டு பக்கமும் என் கடைப் பெட்டிங்க... நெஞ்சு அதிரணும்ணா, நெஞ்சு!"

வாத்தியாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். அந்த வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

பார்த்தபடியே சொன்னாள்.

"வேண்டாம் தம்பி."

சின்னவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"என்னது?"

"போர்வைக்குள்ளயே வாசிங்க. இங்கேயே எவ்வளவு வேணும்னாலும் வாசிங்க. ஆனா... பெரிய பெட்டி, மேடையெல்லாம் வேண்டாம்."

"ஏன்? இப்பவும் தலைவலியா?" சின்னவரின் குரல் உடைந்து கிளம்பியது. "தெரியாமத்தான் கேக்கறேன், எங்க மேல உங்களுக்கு அப்படி என்ன அண்ணி வஞ்சம்? அன்னைக்குக் கரண்டை நிறுத்தினீங்க. பொறுத்துக்கிட்டோம். அம்மா ஏங்கி ஏங்கியே செத்தாங்க. பொறுத்துக்கிட்டோம். மறுபடியும் ஒரு வாசல் திறக்குது... அதையும் இழுத்துச் சாத்தணுமா? அண்ணா, நீயாவது வாயைத் திறந்து பேசேன்!"

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தாள். இப்போதாவது சொல்லுங்கள் என்று அவள் கண்கள் கெஞ்சின. அவர் கிட்டாரின் ஆணிகளைத் திருகிக்கொண்டே, "பாக்கலாம்டா... மெதுவா பேசிக்கலாம்" என்றார்.

சின்னவர் மரப்பெட்டியைக் காலால் எட்டி உதைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளைத் தேடி வாத்தியார் வந்தார். அண்ணி கொடியைச் சுற்றிக்கொண்டு போய் அவருடைய வலப்பக்கம் நின்றாள். அவரோடு பேசவேண்டுமென்றால் அவள் எப்போதும் வலப்பக்கம்தான் நிற்பாள். இடப்பக்கம் நின்று பேசினால், சுவரோடு பேசுவதும் ஒன்றுதான்.

அதுதான் அந்த வீட்டில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம்.

போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்த ஓர் ஒத்திகையில், தம்பி செய்த அந்த ஸ்பீக்கர் பெட்டி திடீரென்று ஊளையிட்டது. ஏதோ ஒரு கம்பி மாறியிருந்தது. வாத்தியாரின் இடது காது பெட்டியின் வாய்க்கு நேராக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த வாரம் டாக்டர் சிரிக்கவில்லை. "நரம்பு செத்துப்போச்சு. இந்தக் காது இனிமே வராது. இன்னொண்ணையாவது காப்பாத்திக்கங்க. பெரிய சத்தத்துக்குப் பக்கத்துலயே போகக் கூடாது."

வீட்டுக்கு வரும் வழியில் வாத்தியார் புது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பிக்குத் தெரியவே கூடாது. அவன் செஞ்ச பெட்டி. தெரிஞ்சா இனிமே கம்பியையே தொடமாட்டான். இப்பத்தான் கடை வைக்கப் போறான்... சத்தியம் பண்ணு." அவள் சத்தியம் பண்ணினாள். ஆனால் தம்பி 'வாசிக்க வா' என்று கூப்பிட்டால் முடியாது என்று சொல்லும் தெம்பும் அவருக்கு இல்லை. சொல்லாவிட்டால் மிச்சக் காதும் போகும். யாராவது ஒருத்தர் கெட்டவராக வேண்டும். மெயின் சுவிட்ச் அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எத்தனை சாமர்த்தியமாக வாழ்ந்தார்! சாப்பிட உட்கார்ந்தால் இடப்பக்கம் சுவர் இருக்கும்படி உட்காருவார். தம்பியை எப்போதும் வலப்பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார். கூப்பிட்டும் திரும்பாவிட்டால், 'கணக்கு வாத்தியாருக்கு மனசுல ஏதோ கணக்கு ஓடுது' என்று ஊரே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொள்ளும். அவருடைய வகுப்பில் இடப்பக்க வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்போதும் கொண்டாட்டம்.

"ஒரே ஒரு சாயங்காலம்தானே..." என்றார் வாத்தியார் இப்போது. "பஞ்சு வச்சுக்கறேன். அவன் முகத்தைப் பார்த்தியா? சின்னப் புள்ள மாதிரி..."

"பார்த்தேன். உங்க முகத்தையும்தான் பார்த்தேன். எனக்கு மட்டும் ஆசையில்லையா?" அண்ணி நனைந்த துணியைப் பிழிந்து உதறினாள். "அந்த ஒண்ணும் போச்சுன்னா, அப்புறம் நான் யார்கிட்டங்க பேசுவேன்? உங்க தம்பி என்னைத் திட்டட்டும், நீங்க கேட்டுக்கிட்டே இருங்க, எனக்கு அது போதும். ஆனா இந்தத் தடவை நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க. என்னால மறுபடியும் முடியாது... எனக்கும் வயசாயிடுச்சுங்க."

அவர் தலை குனிந்தார். "இத்தனை வருஷம் கழிச்சு எப்படிச் சொல்றது? இவ்வளவு நாள் ஏமாத்திட்டியேன்னு கேப்பானே..."

"அப்ப, நான் கேட்டுக்கணும். அப்படித்தானே?"

அவர் கொடியிலிருந்த துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

அண்ணி மீதித் துணியையும் கொடியில் போட்டாள். கீழே இறங்கி, ஒரு பையில் நாலு புடவைகளை எடுத்து வைத்தாள். அழவில்லை. சமையலறை வாசலில் நின்று, "சின்னவளே, நான் எங்க அக்கா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். மாமாவுக்குக் காப்பில சர்க்கரை குறைச்சுப் போடு" என்றாள்.

"என்னக்கா, இதுக்கெல்லாமா...? நான் ஏதோ வாய் தவறி..."

"உன்மேல எனக்கென்னம்மா கோபம்? நல்லா இரு."

அக்கா வீடு பஸ்ஸில் போனால் பக்கம்தான். போய் உட்கார்ந்த பிறகுதான் தூரம் தெரிந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் குழாயைத் திறக்கலாம், மிக்ஸி போடலாம், யாரும் உதட்டில் விரல் வைக்கவில்லை. அந்தச் சத்தம் அவளுக்கு ஒட்டவே இல்லை. அரிசி களையும்போது அவளையறியாமல் ஒரு கிட்டார் மெட்டை முணுமுணுத்தாள். "என்னடி அது, வெள்ளைக்காரப் பாட்டு?" என்று அக்கா கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

வாத்தியாரிடமிருந்து போன் வரவில்லை. போனில் பேசுவதற்கு அவர் எப்போதுமே கூச்சப்படுவார். ஒருநாள் மத்தியானம் கொழுந்தன் கூப்பிட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"அண்ணி... வீட்டுக்கு வாங்க."

"அவருக்கு ஏதாவது..."

"அண்ணன் நல்லாத்தான் இருக்கான். நீங்க வாங்க. வந்து எதுவும் பேசாதீங்க, அது போதும்."

அண்ணி பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். உள்ளறையில் வாத்தியார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். சின்னவள் கதவோரம் கண் சிவந்து நின்றாள். சின்னவர் கையில், கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய ஹெட்போன் இருந்தது.

"அண்ணா, நீ போன வாரம் பதிவு பண்ணின பாட்டை ஹால்காரங்களுக்காக நான் கொஞ்சம் சரிபண்ணிக் கொண்டாந்திருக்கேன். கேட்டுச் சொல்லு. அண்ணி, நீங்க எப்பவும் போல உக்காருங்க."

அண்ணி எப்பவும் போல இடப்பக்கம் உட்கார்ந்தாள். ஆனால் சின்னவர் ஹெட்போனின் இரண்டு பக்கங்களையும் அண்ணனின் காதுகளில் பொருத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

வாத்தியாரின் கால் தாளம் போட ஆரம்பித்தது. முகம் மலர்ந்தது.

அண்ணிக்கு மிக அருகில், அவருடைய இடது காதை மூடியிருந்த ஹெட்போனின் ஓரத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று கசிந்தது. பாட்டுக் குரல் இல்லை. பேச்சுக் குரல். அவள் தலையைச் சாய்த்தாள்.

"...அண்ணா, நான்தான். நான் பேசுறது உனக்குக் கேக்குதா? கேட்டா கையைத் தூக்குண்ணா... அண்ணா, ஒரு தடவை கையைத் தூக்கேன்... கேக்குதாண்ணா...?"

அண்ணி நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்தாள். அவர் அண்ணனின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கைகள் மடியில் சும்மா கிடந்தன. விரல்கள் மட்டும் தாளத்துக்கு ஆடின.

பாட்டு முடிந்தது. வாத்தியார் புன்னகையோடு ஹெட்போனைக் கழற்றினார்.

"பிரமாதம்டா. கிட்டார் சுத்தமா வந்திருக்கு. ஒரு குறையும் இல்ல."

சின்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இடது பக்கம் பூரா நான்தானேண்ணா பேசினேன்... பாட்டு முடியறவரைக்கும் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனேண்ணா..."

வாத்தியாரின் புன்னகை இருந்த இடத்திலேயே செத்துப்போனது.

"ஹால்காரங்க போன் பண்ணினாங்க" என்று சின்னவர் திக்கித் திக்கிச் சொன்னார். "பாட்டு அருமை, ஆனா இடது பக்கம் ஒரு அம்மா விடாம பேசிக்கிட்டே இருக்காங்களே, அதுவும் பாட்டுல சேர்த்தியான்னு கேட்டாங்க. போட்டுக் கேட்டேன். என் பொண்டாட்டி இவ குரல்! நான் தட்டற பெட்டிகிட்ட வைக்கிற, இடது பக்கம் விழற மைக்கை யாரும் அணைக்கல. அது ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கு. இவ அந்தப் பக்கம் நின்னு குழாயடியில போன்ல பேசினது அத்தனையும் விழுந்திருக்கு. அதை அப்படியே ஊருக்கெல்லாம் போட்டிருக்கான் அண்ணன்! எப்படிடா விட்டான்னு பழைய பாட்டெல்லாம் எடுத்துக் கேட்டேன். அண்ணி பக்கத்துல உக்காந்து கேட்ட எதுலயும் ஒரு பிசிறு இல்ல. அவங்க இல்லாம பண்ணின ஒண்ணே ஒண்ணுலதான்... எப்பலேர்ந்துண்ணா? சொல்லு!"

வாத்தியார் அண்ணியைப் பார்த்தார். மாட்டிக்கொண்டபோதெல்லாம் அவர் பார்க்கிற பார்வை. அவள் குறுக்கே விழுந்து அடியைத் தான் வாங்கிக்கொள்வாள் என்று பழகிப்போன பார்வை.

அண்ணி தரையைப் பார்த்தாள்.

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்கதான் சொல்லணும்."

வாத்தியார் ஹெட்போனைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ மேல ஒரு தப்பும் இல்லடா. அவளுக்குத் தலைவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கோழை. இனிமே வாசிக்க முடியாதுன்னு உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. காரணத்தையும் சொல்லக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். எனக்காக இவ மெயினை இழுத்தா. நீங்கள்லாம் இவளைப் பேசினப்ப... அம்மா பேசினப்ப... நான் பக்கத்துலயே உக்காந்து சோறு தின்னேன்டா. கேக்கற காதாலயும் கேக்காத மாதிரியே இருந்துட்டேன்!"

"காரணம்..." சின்னவர் அண்ணனின் இடது காதைப் பார்த்தார். அவர் மனது எங்கெங்கோ ஓடி, ஓரிடத்தில் போய் முட்டிக்கொண்டதை அண்ணி கண்ணால் பார்த்தாள். "அந்த ஊளை... போட்டிக்கு முந்தி, என் பெட்டி... நீ அதுக்கு நேராத்தானே நின்னுக்கிட்டிருந்தே! நான்தான் கம்பியை மாத்திக் குடுத்தேன்! நீ சிரிச்சியேண்ணா! ஒண்ணுமில்லடா, வாசிடான்னு சொன்னியே..."

"ஒண்ணுமில்லதான்டா."

"என் கையால... உன் காதை... அய்யோ!"

அண்ணி சட்டென்று எழுந்து, நெற்றியில் அறைந்துகொண்ட கொழுந்தனின் கைகளைப் பிடித்தாள்.

"இங்க பாரு தம்பி. இதுக்குத்தான் பயந்தோம். அப்ப நீ கடைக்குப் பேர்ப்பலகை எழுதக் குடுத்திருந்தே. இதைச் சொல்லியிருந்தா, நீ கடையைத் திறந்திருப்பியா?"

சின்னவர் இல்லையென்று தலையாட்டினார்.

"கம்பியையே தொட்டிருக்கமாட்டேன் அண்ணி."

"அப்புறம் என்ன? ஒரு காது போச்சு. உன் வாழ்க்கை போகல. நாங்க நஷ்டப்படல."

"நீங்க?" சின்னவர் வெடித்தார். "நீங்க நஷ்டப்படலையா? கரண்ட் கட், கரண்ட் கட்டுன்னு என் வாயாலயே பேர் வச்சேனே... அம்மா கடைசிவரைக்கும் உங்க மூஞ்சியைப் பார்க்காமலே போனாங்களே... ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?" அவர் அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டார். தலை நரைத்த மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஏங்கி ஏங்கி அழுதார். அண்ணியின் விரல்களுக்கிடையில் கண்ணீர் வழிந்தது. இத்தனை வருஷம் அழாத அழுகையெல்லாம் அவளுக்கும் அப்போதுதான் வந்தது.

வாத்தியார் எழுந்து வந்தார். வந்தவர் பேசாமல் மனைவியின் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தம்பி எதிரில் அவர் அப்படிச் செய்ததே இல்லை.

சின்னவரின் கைப்பேசி அடித்தது. ஹால்காரர்கள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தார்.

"ஆமாங்க... இல்லங்க, வர்றதுக்கில்ல. மேடையில வாசிக்கறது சரிப்படாது. ஏன்னா... எங்க அண்ணி வேண்டாம்னு சொல்லிட்டாங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். சின்னவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா, அண்ணிதான். எங்க வீட்ல அவங்க சொன்னா சொன்னதுதான். காரணம் எல்லாம் கேக்கமாட்டோம்."

கதவோரம் நின்ற சின்னவள், அப்போதுதான் மெல்ல வந்து அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... நான் போன்ல பேசினதை ஊரே கேட்டுச்சாம்க்கா. மானம் போச்சு."

"அப்படி என்னடி பேசினே?"

"பாத்திரம் தேய்க்கற சோப்பு சரியில்லன்னு எங்கம்மாகிட்ட புலம்பினேன். அப்புறம்..." சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா இல்லாம வீடு ஓன்னு கெடக்கும்மா, மிக்ஸி போட்டா அதட்டக்கூட ஆளில்லன்னு அழுதேன். அதுக்கு மூணு பேர் ஆறுதல் எழுதியிருக்காங்கக்கா!"

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவே வந்த சிரிப்பு என்பதால் அது இருமலாக வெளிவந்தது. சின்னவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

போர்வைகளைக் கழற்றி ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். சாயங்கால வெளிச்சம் அறைக்குள் வந்து விழுந்தது. தெருவில் ஏதோ வண்டி போனது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். யாரும் யாரையும் சும்மா இருக்கச் சொல்லவில்லை. வாத்தியார் கிட்டாரை எடுத்து, பதிவுக்காக இல்லாமல் சும்மா, அந்தக் காலத்தில் முன்னறையில் உச்சஸ்தாயியில் அலறிய பாட்டு ஒன்றை மெதுவாக மீட்டினார். சின்னவர் அண்ணனின் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, தரையிலேயே தாளம் தட்டினார். அண்ணியின் உதடுகள் தாமாக அசைந்தன. ஒரு வரி விடாமல், ஒரு சொல் பிசகாமல்.

சின்னவள் அதை வாய் பிளந்து பார்த்தாள்.

"ஏன்க்கா... இந்த இரைச்சலே உங்களுக்குப் புடிக்காதுன்னு இல்ல நான் இத்தனை நாளா நெனச்சேன்?"

அண்ணி கிட்டாரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"புடிக்காதுன்னு யாருடி சொன்னது? அந்த இரைச்சலைத் தெருவில நின்னு கேட்டுட்டுப் போய்த்தானே, கட்டினா இந்த வீட்டுக்காரரைத்தான் கட்டுவேன்னு எங்கப்பாகிட்ட அடம் புடிச்சேன்!"